புசல்லாவையிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்கு

பழைய பிக்கப் ஒன்றின் டாஷ்போர்ட் வெடிக்கத் தொடங்குவது பெரும்பாலும் மேற்பரப்பில்தான். முன் கண்ணாடி வழியாக வெயில் நேராக விழும் இடம் அது. முதலில் மீட்டர் பெட்டியின் மூலையில் மயிரிழையாக ஒரு கோடு தெரியும். நாளடைவில் அதற்குள் விரல் நுழையும். பிறகு உள்ளேயுள்ள மஞ்சள் ஸ்பொஞ்ச் மாவாக உதிர்ந்து, ஓட்டுபவரின் மடியில் விழத் தொடங்கும். புசல்லாவையில் மரக்கறி வியாபாரம் செய்யும் இளைஞர் ஒருவரின் டட்சன் 1200 பிக்கப் இந்தக் கட்டத்தையும் தாண்டியிருந்தது. வறண்ட குளத்துச் சேறு போலப் பாளம் பாளமாகப் பிளந்து கிடந்த டாஷ்போர்டின் மேல் ஒரு துவாயை விரித்து, அதன்மேல் சின்னப் பிள்ளையாரை ஒட்டி வைத்திருந்தார். அது அவருடைய தகப்பன் ஓட்டிய வண்டி. கோவா, கரட், லீக்ஸ் மூட்டைகளைச் சுமந்து அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்ட வண்டி.

சந்தை இல்லாத ஒரு நாள் காலை, துவாயை மடித்து வைத்துவிட்டு அவர் கண்டிப் பக்கம் கிளம்பினார். கட்டுகஸ்தோட்டையில் குஷன் கடை வைத்திருக்கும் ஒரு நானாவைப் பற்றி லொறிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். சீட் தைக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. டாஷ்போர்ட்டைக் கழற்றி, அதன் பழைய வடிவம் கெடாமல் மறுபடி போர்த்தித் தருகிறவர்கள் அப்படியில்லை.

இந்தச் சின்ன பிக்கப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிசான் நிறுவனம் ஜப்பானில் இதை 1971இல் சனி டிரக் என்ற பெயரில் வெளியிட்டது. வெளிநாடுகளில் டட்சன் 1200 என்ற பெயரில் ஓடியது. 1171 சிசி எஞ்சின், பின்னால் பட்டை வில்லு, அரை டன் பாரம். கார் ஒன்றின் உடலைப் பாதியில் வெட்டி, பின்பக்கத்தைப் பெட்டியாக்கிய அமைப்பு. கார் ஓட்டத் தெரிந்த எவரும் ஓட்டலாம், ஸ்பனர் பிடிக்கத் தெரிந்த எவரும் பழுது பார்க்கலாம். ஜப்பானில் 1994 வரை இதைச் செய்தார்கள். தென்னாபிரிக்காவில் எஞ்சினைப் பெரிதாக்கி, நிசான் 1400 என்ற பெயரில் 2008 வரை விற்றார்கள். ஒரு வண்டியின் அடிப்படை வடிவம் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் தயாரிப்பில் இருந்தது என்றால், அதை வரைந்தவர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும்.

ஆனால் இலங்கையில் இத்தகைய வண்டிகள் உயிரோடிருப்பதற்கு அவற்றின் உறுதி மட்டும் காரணமில்லை. 1970 முதல் 1977 வரையான சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சியில் இறக்குமதி இறுக்கிப் பிடிக்கப்பட்டது. கையில் இருப்பதைப் பழுது பார்த்து ஓட்டுவது அப்போது கட்டாயம். 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்தது, ஜப்பானிய வண்டிகள் வந்து குவிந்தன. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி மறுபடி நின்றது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறியது. எரிபொருளுக்குக் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டில், குறைந்த பெற்றோலில் அதிக தூரம் ஓடும் சின்ன எஞ்சின் வண்டிக்குத் தனி மரியாதை கிடைத்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் தேடினால் இன்றும் பல சாமான்கள் கிடைக்கின்றன. டாஷ்போர்ட் மட்டும் அப்படிக் கிடைப்பதில்லை. பழைய வண்டியிலிருந்து கழற்றி வந்ததும் அதே வெயிலில் வெடித்ததாகத்தான் இருக்கும்.

புசல்லாவையிலிருந்து கம்பளைக்கு இறங்கும் ஏ5 வீதியில் வளைவுக்கு ஒரு தோட்டம். ஊரை ஒட்டியே ரொத்சைல்ட் தோட்டம் இருக்கிறது. ஐரோப்பாவின் பெரிய வங்கிக் குடும்பத்தை நிறுவிய மேயர் ஆம்ஷெல் ரொத்சைல்டின் பேரன்களான கேப்ரியல் வோர்ம்ஸ், மோரிஸ் வோர்ம்ஸ் என்ற சகோதரர்கள் 1841இல் இந்தப் பகுதியில் கோப்பி பயிரிட வந்தார்கள். சீனாவிலிருந்து தேயிலைக் கன்றும் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது அதற்குப் பல வருடம் கழித்து, 1867இல். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் தோன்றி, அடுத்த சில பத்தாண்டுகளில் கோப்பித் தோட்டங்களை அழித்தது. தேயிலை வந்து நின்றது. தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்த தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகளில் சிலர் தோட்ட வேலையை விட்டு மரக்கறி, போக்குவரத்து என்று தனித்தொழிலுக்கு வந்தபோது அவர்களுக்குக் கைகொடுத்தவை இந்த அரை டன் பிக்கப்புகளே. மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ரயிலையும் கப்பலையும் எழுதுகிறார்கள். பிக்கப்பையும் எழுத வேண்டும்.

கம்பளை 14ஆம் நூற்றாண்டில் ஒரு அரசின் தலைநகரம். இன்று கண்டி, நுவரெலியா, நாவலப்பிட்டி என்று மூன்று பக்கத்து வாகனங்களும் நெரியும் நகரம். அதைக் கடந்து கெலிஓயா வழியாகப் பேராதனைக்கு வந்தால் மகாவலி கங்கையின் பாலம். இந்த இடத்தில் 1833இல் முழுக்க முழுக்க முதிரை மரத்தால், ஆணி அடிக்காமல், ஒரே வளைவாக ஒரு பாலம் கட்டினார்கள். 1905 வரை அது வண்டிகளைத் தாங்கியது. பக்கத்தில் 1821இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஏப்ரலில், மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை இந்தப் பூங்காவுக்குத்தான் கொண்டுவந்தார்.

குஷன் வேலைக்கும் இந்தப் பூங்காவோடு ஒரு உறவு உண்டு. 1876இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து றப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு வந்தன. பேராதனைப் பூங்காவின் நிர்வாகத்தில், கம்பஹாவின் ஹெனரத்கொடையில் தனியாக ஒரு தோட்டம் திறந்து அவற்றை நட்டார்கள். இலங்கை றப்பர் தொழிலுக்கு அங்கேதான் வித்து விழுந்தது. றப்பர் பாலில் செய்த ஸ்பொஞ்சும், றப்பர் பால் தெளித்து இறுக்கிய தென்னந்தும்பும் உலகம் முழுக்கக் கார் சீட்டுகளுக்குள் போயின. வொக்ஸ்வாகன் பீட்டில் காரின் சீட்டுக்குள்ளும் தும்பு இருந்தது. குஷன் வேலைக்கான மூலப்பொருளை உலகத்துக்கு அனுப்பிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. இங்கே குஷன் தொழிலாளிகள் நல்ல கைகாரர்களாக இருப்பதில் வியப்பில்லை.

பேராதனையிலிருந்து கண்டி நகருக்குள் நுழையாமல் கன்னொறுவை, ஹல்லொலுவை வழியாக ஆற்றோரமாகவே கட்டுகஸ்தோட்டைக்குப் போய்விடலாம். கண்டியின் மேற்கு, வடக்கு, கிழக்கு என்று மூன்று பக்கமும் மகாவலி வளைத்துக்கொண்டு ஓடுவதால் இந்த வசதி. 1638இல் இரண்டாம் இராஜசிங்கனின் படை போர்த்துக்கேயரை முறியடித்தது கன்னொறுவையில். யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி கண்டியில் தொடங்கிக் கட்டுகஸ்தோட்டையைக் கடந்து, அக்குறணை, மாத்தளை என்று வடக்கே போகிறது. பாரமேற்றி வருகிற வண்டிகள் எல்லாம் நின்று போகும் சந்தி என்பதால் ரயர்க்கடை, பெயின்ற் பட்டறை, கராஜ், குஷன் கடை எல்லாம் அதைச் சுற்றி வளர்ந்திருக்கின்றன.

நானாவின் கடை ஒரு தகரக் கொட்டகை. ஒரு மூலையில் ஜூக்கி தையல் மெஷின், சுவரில் ரெக்சின் சுருள்கள், தரையில் முச்சக்கர வண்டியொன்றின் பின் சீட். உதவிக்கு ஒரு சிங்களப் பையன். அவனை அவர் "மல்லி" என்று கூப்பிட்டார். டட்சனின் கதவைத் திறந்து, டாஷ்போர்ட்டைக் கையால் தடவி, வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"நானா, இதக் கழட்டாமலே மேல ஒட்ட ஏலாதா? நாளைக்கு லோடு இருக்கு."

"ஒட்டலாம் தம்பி. மூணு மாசத்துல எழும்பிரும். பொறகு என்னையத்தான் ஏசுவீங்க."

கழற்றுவது என்றே முடிவானது. பேட்டரி வயரைப் பிரித்த பிறகுதான் ஸ்டியரிங்கில் கை வைத்தார்கள். மீட்டர் பெட்டியின் பின்னால் கையை நுழைத்து ஸ்பீடோமீட்டர் கேபிளைத் திருகி எடுத்தான் மல்லி. சோக் கம்பி, சாம்பல் தட்டு, கையுறைப் பெட்டியின் மூடி ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு ஸ்குரூவும் எந்தத் துளையிலிருந்து வந்ததோ அந்தப் பெயர் எழுதிய கடதாசித் துண்டோடு டின்னுக்குள் போனது. வயர்களில் நிற நிறமாக டேப் சுற்றினார்கள். இந்தப் பொறுமைதான் கூலியில் பாதி. அவசரத்தில் பிடுங்குகிறவர்கள் ஐம்பது வருடப் பழைய பிளாஸ்டிக் கிளிப்பை உடைத்துவிட்டு, வண்டியின் ஆயுளுக்கும் கிறுகிறு சத்தத்தை வைத்துவிடுவார்கள்.

வெளியே வந்த டாஷ்போர்ட்டைப் பார்த்தால் அதன் கதை புரியும். அடியில் இரும்புச் சட்டம். அதன்மேல் வார்த்த பொலியுரேத்தேன் ஸ்பொஞ்ச். அதற்கும் மேலே, சூடாக்கி அச்சில் உறிஞ்சி வடித்த பிவிசி தோல். அந்தத் தோல் வளைந்து கொடுப்பதற்காக உள்ளே ஒரு இளக்கி கலந்திருப்பார்கள். வெயிலில் அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். முன் கண்ணாடியின் உள்பக்கத்தில் துடைக்கத் துடைக்கப் படியும் எண்ணெய்ப் பசை அதிலிருந்துதான் வருகிறது. இளக்கி போனதும் தோல் சுருங்கும், விறைக்கும். அடியிலுள்ள இரும்பு சுருங்காது. எங்கே இழுவை அதிகமோ அங்கே தோல் கிழியும். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினரும் சான்டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தினரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கடும் வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டாஷ்போர்ட் சராசரியாக 69 பாகை செல்சியஸ் வரை சூடேறியது. சீட் 51 பாகைதான். கண்டி அவ்வளவு சுடாது. ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகை தள்ளியிருக்கும் நாடு இது. உயரம் ஏற ஏறப் புற ஊதாக்கதிரும் கூடும். குளிர்கிற மலையில் டாஷ்போர்ட் பிழைத்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இந்த ஸ்பொஞ்ச் எதற்கு வந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 1930களில் டெட்ரோயிட் நகரில் கிளேர் ஸ்ட்ரெய்த் என்ற பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர், விபத்தில் டாஷ்போர்ட்டில் மோதிச் சிதைந்த முகங்களைத் தைத்துத் தைத்து மனம் வெறுத்துப்போனார். இரும்பு விளிம்பையும் துருத்தி நிற்கும் குமிழ்களையும் மெத்தையால் மூடுங்கள் என்று கார் நிறுவனங்களோடு மல்லுக்கட்டினார். கிறைஸ்லர் கொஞ்சம் செவிசாய்த்தது. மற்றவர்கள் வரப் பல வருடம் ஆனது. 1968 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களின் உட்பகுதி, மோதும் தலையைக் காக்கும் தரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தச் சந்தையில் இறங்கிய ஜப்பானிய நிறுவனங்களும் மெத்தை வைத்த டாஷ்போர்ட்டுக்கு மாறின. எனவே இது அழகுக்காக ஒட்டிய தோல் இல்லை. கழற்றியெடுத்துவிட்டு வெறும் இரும்புக்குப் பெயின்ற் அடித்து ஓட்டுகிறவர்கள், சீட் பெல்ட்டும் இல்லாத பழைய வண்டியில் தங்களுக்கிருந்த ஒரே காப்பையும் பிடுங்கி எறிகிறார்கள்.

அன்று கடை வாசலில் ஒரு மொரிஸ் மைனர் பிக்கப்பும் நின்றது. 1948இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து வெளிவந்த கார் அது. பிக்கப் வடிவம் 1953இல் வந்தது. அதன் டாஷ்போர்ட் அழுத்தியெடுத்த இரும்புத் தகடு. 1954க்குப் பிறகு நடுவில் ஒரே ஒரு வட்ட மீட்டர். வலக்கை ஓட்டத்துக்கும் இடக்கை ஓட்டத்துக்கும் ஒரே தகடு போதும் என்பது அதன் சிக்கனம். அதன் நம்பர் பலகையில் ஈஎன் என்ற ஆங்கில எழுத்துகள். சிலோன் என்ற பெயரின் எழுத்துகளை இரண்டிரண்டாக எடுத்துப் போட்ட காலத்துப் பலகை. டட்சனுக்கு இருந்தது சிங்கள ஸ்ரீ எழுத்துப் பலகை. 1957இல் அந்த எழுத்தைக் கட்டாயமாக்கியதும் வடக்கிலும் கிழக்கிலும் தார் பூசும் போராட்டம் எழுந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு பழைய வண்டிகளின் நெற்றியில் நாட்டின் அரசியல் அப்படியே எழுதியிருந்தது.

மொரிஸுக்கு உலகம் முழுக்க ஆதரவு இருக்கிறது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயார், தனபால சமரசேகர என்ற இலங்கையரோடு சேர்ந்து காலிப் பக்கத்தில் டியூரபிள் கார் கம்பனியைத் தொடங்கினார். அங்கே கையால் அடித்த தகடுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. டட்சன் பிக்கப்புக்கு இங்கே அப்படி ஒரு ஆலை இல்லை. கட்டுகஸ்தோட்டை நானா போன்றவர்களின் கைகள்தான் அதன் ஆலை.

உதிர்ந்த ஸ்பொஞ்சை மரச் சுரண்டியால் வழித்தெடுத்தபோது இரும்பில் துரு தெரிந்தது. தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு பூசிக் காயவிட்டார்கள். நல்லாயிருந்த பழைய ஸ்பொஞ்சை நானா பிடுங்கவில்லை. வடிவத்துக்கு அதுதான் சாட்சி என்றார். பள்ளமான இடங்களில் மட்டும் இறுக்கமான புது ஸ்பொஞ்சை ஒட்டி, கத்தியால் சீவி, மண்கடதாசியால் தேய்த்து மட்டம் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவித்தான் மட்டம் பார்க்கிறார். ரெக்சின் இறுகியதும் அடியிலுள்ள ஒரு சின்ன மேடும் மேலே தெரியும். கண்ணுக்குத் தப்புவது கைக்குத் தப்பாது.

பிறகு வெட்டு அளவு. டாஷ்போர்ட் முழுவதையும் மெல்லிய பொலித்தீனால் மூடி, அதன்மேல் நெருக்கமாக டேப் ஒட்டி, எங்கே தையல் வர வேண்டுமோ அங்கே கறுப்பு மையால் கோடு போட்டார். கோட்டின் வழியே அறுத்து உரித்ததும் வளைந்த வடிவம் தட்டையான துண்டுகளாகக் கைக்கு வந்தது. அதுதான் ரெக்சின் வெட்டுவதற்கு மாதிரி. தொழிற்சாலை அச்சில் வடித்த தோலுக்குத் தையல் கிடையாது. கையால் போர்த்துகிறவருக்கு மீட்டர் பெட்டியின் இரட்டை வளைவில் தையல் இல்லாமல் முடியாது. அந்தத் தையலை எங்கே வைக்கிறார் என்பதில் ஒருவரின் தரம் தெரிந்துவிடும். நானா அதை மீட்டர் பெட்டியின் விளிம்பு மடிப்போடு ஓடவிட்டார். வண்டியை வடிவமைத்தவர்களே அங்கே போட்டிருந்தார்கள் என்று தோன்றும்படி இருந்தது.

நிறத்தில்தான் இருவரும் கொஞ்சம் இழுபறிப்பட்டார்கள். மினுமினுக்கும் மெரூன் ரெக்சின் வேண்டும், வெள்ளை நூலில் கட்டம் கட்டமாகத் தையல் வேண்டும் என்றார் இளைஞர். முச்சக்கர வண்டிகளிலும் தனியார் பஸ்களிலும் அந்த மோஸ்தர்தான் இப்போது.

"மினுங்குறது வேணாம் தம்பி. வெளிச்சம் பட்டா அப்பிடியே கண்ணாடியில விழும். றம்பொடை வளைவுல எதிர்ல பஸ் வாரது தெரியாமப் போகும். கறுப்பு, மட் ஃபினிஷ். சீட்டுக்கு வேணுமெண்டா மெரூன் போட்டுத் தாரேன்."

நானா சொன்னது முற்றிலும் சரி. டாஷ்போர்டின் முதல் கடமை முன் கண்ணாடியில் தெரியாமலிருப்பது. சந்தையில் விற்கும் வார்த்த பிளாஸ்டிக் மூடிகளை வெடிப்பின்மேல் பசை போட்டுக் கவிழ்ப்பவர்களும் உண்டு. தூரத்துக்கு அழகாகத்தான் இருக்கும். உள்ளே துரு தின்பது தெரியாது. பின்னால் யாராவது ஒழுங்காகச் செய்ய நினைத்தாலும் மூடியோடு பழைய வடிவமும் பிய்ந்து வந்துவிடும். பழைய வண்டிக்குச் செய்யும் எந்த வேலையும் அடுத்த கைக்காரருக்கு வழிவிட வேண்டும்.

தடித்த நைலோன் நூலில் ஜூக்கி ஓடியது. தைத்த உறையின் உள்பக்கத்திலும் ஸ்பொஞ்சின் மேலும், இரண்டிலும், சூடு தாங்கும் பசையைத் தூரிகையால் பூசினார்கள். பூசிய கையோடு ஒட்டக் கூடாது. புறங்கையால் தொட்டால் பிடிக்காத அளவுக்கு உலர வேண்டும். அந்த இடைவெளியில் தேநீர் வந்தது, லொறி ஒன்றின் கூரைத் துணியைப் பற்றி ஒருவர் விலை கேட்டுப் போனார். பிறகு தையலை விளிம்போடு பொருத்தி, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டே போனார்கள். மல்லி ஹீட் கன்னால் சூடு காட்ட, நானா பெருவிரலால் அழுத்தி நீவினார். உள்வளைவில் முதலில் இழுத்த பிறகே சின்னச் சின்ன வெட்டு. முதலே வெட்டினால் அந்த வெட்டு இழுபட்டு மேலே வந்து பல்லைக் காட்டும். ஓரங்கள் இரும்புக்கு அடியில் மடிந்து மறைந்தன.

வேலை மறுநாளுக்கும் நீண்டது. அந்த இடைவேளையில் இளைஞர் கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலுக்குப் போய்வந்தார். இரவு கண்டியில் உறவினர் வீட்டில் தங்கினார். அந்த வீட்டுக்காரர் கடுகண்ணாவ ரயில் நூதனசாலையைப் பற்றிச் சொன்னார். 2014 டிசம்பரில் திறந்த இடம் அது. கண்டிக்கு 1867இல் வந்த பாதையில் ஓடிய எஞ்சின்களை அங்கே வண்ணம் பூசி நிறுத்தியிருக்கிறார்கள். பாதுகாத்து நிறுத்திவைப்பதற்கும் ஓடவைத்துப் பாதுகாப்பதற்கும் வேறுவேறு கைத்திறமை வேண்டும். நூதனசாலை வண்டியின் டாஷ்போர்ட்டில் வெயிலும் விழாது, தேங்காய் எண்ணெய்க் கையும் படாது. சந்தைக்குப் போகும் வண்டியின் ரெக்சினில் நாளைக்கே மண் ஒட்டும். அதற்கேற்ற மாதிரித்தான் நானா நூலையும் பசையையும் தேர்ந்தெடுத்திருந்தார். கண்டியில் பித்தளைக்கும் வெள்ளிக்கும் மரச் செதுக்கலுக்கும் கிடைக்கும் மதிப்பு இந்தக் கைவினைக்கும் கிடைக்க வேண்டும்.

டாஷ்போர்ட்டை ஏற்றும்போது மீட்டர் பெட்டியின் துளைகளை ரெக்சின் மேலிருந்தே விரலால் தடவிக் கண்டுபிடித்து, சூடாக்கிய ஊசியால் துளைத்தார்கள். கேபிள் திருகியாயிற்று, வயர்கள் நிறம் பார்த்துச் சேர்ந்தன. மீட்டர் விளக்கு எரிந்தது, ஹோர்ன் அடித்தது. சிலிக்கன் மினுக்கி எதையும் பூசக் கூடாது, ஈரத் துணியால் துடைத்தால் போதும், வெயிலில் நிறுத்தினால் கண்ணாடிக்குள் ஒரு மட்டையை வைக்க வேண்டும் என்று நானா சொல்ல, இளைஞர் தலையாட்டினார்.

சீட்டில் ஏறி உட்கார்ந்தவர் அங்கிருந்தே சீட்டைத் தட்டிக் காட்டி இதற்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். நானா உறையின் ஒரு மூலையைப் பிரித்துப் பார்த்தார். முன்பு யாரோ வைத்த தும்பு மெத்தை பொடியாகியிருந்தது, அடியில் வில்லுக் கம்பிகள் நல்லாயிருந்தன. றப்பர்ப் பால் ஊட்டிய புதுத் தும்பு வாங்கி வைப்பதாகவும், பொங்கல் கழிந்து மரக்கறி லோடு குறையும்போது வண்டியைக் கொண்டுவரும்படியும் சொல்லிவிட்டு, சீஆர் கொப்பியில் வண்டி நம்பரையும் சீட்டின் நீள அகலத்தையும் எழுதிக்கொண்டார். மல்லி அதற்குள் முச்சக்கர வண்டியின் சீட்டைப் பிரிக்கத் தொடங்கியிருந்தான்.